செந்நீர்ப் பெருக்கு: நஞ்சு கடலினது, பொறுப்பு அரசினது

1981 ஏப்ரலில் தமிழ்நாட்டின் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் மட்டி உண்டவர்களுள் மூவர் உயிரிழந்தனர். 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1983இல் கேரளத்தின் வடகோடியில், மங்களூருக்குத் தெற்கே உள்ள கும்பளையில் மட்டி நஞ்சு மேலும் ஓர் உயிரைப் பறித்தது. 1997 செப்டம்பரில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் கடற்சிப்பி உண்ட எழுவர் இறந்தனர். 500க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர்.

முதல் நிகழ்வுக்கும் மூன்றாம் நிகழ்வுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் கடந்தன. மூன்றிலும் மக்கள் உண்டது அவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் உணவுதான். அது கெட்டுப்போனதாகவும் இல்லை. நிறத்திலோ மணத்திலோ சுவையிலோ எச்சரிக்கை ஏதும் இல்லை. கடலில் பெருகிய நுண்ணுயிரிகளை வடிகட்டி உண்ட சிப்பிகளின் உடலில் நஞ்சு சேர்ந்திருந்தது. அதைக் கண்டறிய ஆய்வகம் வேண்டும். கண்டறிந்ததை மக்களுக்குச் சொல்ல நிர்வாகம் வேண்டும். இரண்டும் மக்களுக்கு உரிய நேரத்தில் கிட்டவில்லை.

இத்தகைய மரணங்களை ‘இயற்கைச் சீற்றம்’ என்று கூறிக் கடந்துவிடுவது ஆளும் வர்க்கங்களுக்கு வசதியானது. அந்த நுண்ணுயிரியை எந்த அரசும் படைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் அதன் நஞ்சு மக்களின் உணவுத் தட்டை எட்டுமுன் தடுக்கும் வழி, வயலூர் மரணங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே உலகம் அறிந்திருந்த ஒன்று. 1927இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ கடற்கரைப் பகுதியில் 102 பேர் சிப்பி நஞ்சால் பாதிக்கப்பட்டு ஆறு பேர் இறந்தனர். அதன் விளைவாகக் கலிஃபோர்னியா மாநிலம் சிப்பிகளைச் சோதிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆண்டுதோறும் மே முதல் அக்டோபர் வரை கடற்கரைச் சிப்பிகளைச் சேகரித்து உண்பதற்குத் தடை விதிக்கும் நடைமுறை இன்றளவும் தொடர்கிறது. அங்கு 1927இல் கற்ற பாடத்தை இங்கு 1981லும் 1997லும் மக்கள் உயிரைக் கொடுத்துக் கற்க நேர்ந்தது ஏன் என்பதே கேள்வி.

நீர் ஏன் நிறம் மாறுகிறது?

கடலின் மேற்பரப்பில் மிதக்கும் தாவர நுண்ணுயிரிகளே கடல்வாழ் உயிர்களின் உணவுச் சங்கிலிக்கு அடித்தளம். சூரிய ஒளியும் நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற ஊட்டச்சத்துகளும் ஒருசேரக் கிட்டும்போது அவை சில நாட்களில் பன்மடங்கு பெருகுகின்றன. பெருக்கத்தின் அடர்த்தி மிகும்போது நீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ பச்சையாகவோ மாறுகிறது. ஆங்கிலத்தில் ‘ரெட் டைட்’ எனப்படும் இதற்கும் கடலின் ஏற்றவற்றத்துக்கும் தொடர்பில்லை. நிறம் மாறிய நீரெல்லாம் நஞ்சுமில்லை. நஞ்சுள்ள நீரெல்லாம் நிறம் மாறுவதுமில்லை. ‘அலெக்சாண்ட்ரியம்’ என்னும் உயிரி நீரின் நிறத்தை மாற்றாத அளவிலேயே சிப்பிகளை நஞ்சாக்க வல்லது.

இந்நிகழ்வு புதியதும் அன்று. சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், மலபார் கரையில் கடல்நீர் நிறம் மாறி மீன்கள் மடிந்ததை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்தார். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஆழத்திலிருந்து ஊட்டச்சத்து மிக்க குளிர்நீர் மேலெழும்போது மேற்குக் கரையில் நுண்ணுயிரிகள் பெருகுவது இயல்பு. மத்தி மீனின் வளமே அந்தப் பெருக்கத்தை நம்பியது.

இயல்பான இந்தச் சுழற்சியில் எந்த உயிரி மேலோங்குகிறது என்பதே சிக்கலின் மையம். டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள் தம் உடற்கூட்டைக் கட்டச் சிலிக்கா தேவைப்படுபவை, மீன்வளத்துக்கு உகந்தவை. பாறைகளும் மண்ணும் கரைந்து ஆறுகளின் வழியே சிலிக்கா கடலை அடைகிறது. அணைகள் அதில் ஒரு பகுதியைத் தேக்கிவிடுகின்றன. மறுபுறம் சாக்கடையும் உரமும் ஆலைக்கழிவும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் இடைவிடாது கொட்டுகின்றன. சிலிக்கா பெருகாமல் மற்ற இரண்டும் பெருகும்போது டயாட்டம்கள் பின்தங்குகின்றன. சிலிக்கா தேவைப்படாத டைனோஃபிளாஜெலேட்டுகள் என்னும் கசையுயிரிகளுக்கு அச்சூழல் வாய்ப்பளிக்கிறது. நஞ்சு உண்டாக்கும் உயிரிகளுள் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் பல, சூழல் பாதகமாகும்போது உறைவித்துகளாக மாறிக் கடலடிச் சேற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். சாதகமான காலம் வந்ததும் மீண்டும் முளைக்கும்.

ஆயுதமாக அறியப்பட்ட நஞ்சு

வயலூரிலும் கும்பளையிலும் விழிஞ்ஞத்திலும் தாக்கியது பக்கவாதச் சிப்பி நஞ்சு. இக்குடும்பத்தின் தலையாய நஞ்சு சாக்சிடாக்சின். நரம்புச் செல்களில் சோடியம் அயனிகள் நுழையும் வாயிலை இது அடைத்துவிடுகிறது. நரம்பின் செய்தி தசையை எட்டாமல் நின்றுபோகிறது. உண்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பிறகு கைகால்கள் தளரும். கடும் நிலையில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நோயாளி பெரும்பாலும் நினைவோடுதான் இருப்பார். சமைப்பதால் இந்த நஞ்சு அழிவதில்லை. முறிமருந்தும் இல்லை. செயற்கைச் சுவாசம் அளித்துச் சில மணிநேரம் காத்தால் உடல் நஞ்சை வெளியேற்றிவிடும், உயிர் பிழைக்கும். மூச்சுக்கருவி உள்ள மருத்துவமனை எத்தனை தொலைவில் இருக்கிறது என்பதே உயிரையும் சாவையும் தீர்மானிக்கிறது.

ஏகாதிபத்தியம் இந்த நஞ்சை மிக நன்றாக அறிந்திருந்தது. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, தன் உளவாளிகள் பிடிபட்டால் தற்கொலை செய்துகொள்வதற்கென இதை ஊசிமுனையில் ஏற்றிக் கொடுத்தது. 1960இல் சோவியத் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 உளவு விமானத்தின் ஓட்டியிடம் இருந்தது அத்தகைய ஊசியே. நச்சு ஆயுதக் கையிருப்பை அழிக்குமாறு அதிபர் நிக்சன் ஆணையிட்ட பின்னரும் ஏறத்தாழ 11 கிராம் சிப்பி நஞ்சை சிஐஏ ஒளித்து வைத்திருந்தது 1975இல் அமெரிக்க செனட் குழுவின் விசாரணையில் அம்பலமானது.

வேதியியல் ஆயுதத் தடை உடன்படிக்கை 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, மிகக் கடும் கட்டுப்பாட்டுக்கு உரிய முதல் அட்டவணையில் சாக்சிடாக்சின் இடம்பெற்றது. இந்தியாவும் அவ்வுடன்படிக்கையின் தொடக்ககால உறுப்பு நாடு. அதே ஆண்டு செப்டம்பரில்தான் விழிஞ்ஞத்தில் எழுவர் மாண்டனர். ஆயுதக் கிடங்கில் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் கணக்குக் கேட்கப்படும் பொருள், மீனவர் குடியிருப்பின் அடுப்பங்கரையில் கேள்வி கேட்பாரற்றுக் கொதித்தது.

கடல் தரும் நஞ்சு இது ஒன்று மட்டுமன்று. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் விளைந்த சிப்பிகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது டோமோயிக் அமிலம். மூவர் இறந்தனர், பிழைத்தவர்களுள் சிலர் நினைவாற்றலை இழந்தனர். அதை உண்டாக்கியது ஒருவகை டயாட்டம் என்பது, எந்த உயிரினத்தையும் ‘நல்லது’, ‘தீயது’ என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது என்பதற்குச் சான்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் பெருகும் ‘கரேனியா பிரெவிஸ்’ மீன்களைக் கொல்வதோடு, அலைத்திவலையில் கலந்து கரையில் நிற்போரின் மூச்சையும் வாட்டுகிறது.

நஞ்சின்றியும் கொல்லும்

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. மக்கள் திரண்டு கண்டு வியந்தனர். படங்கள் நாடெங்கும் பரவின. ஒளிர்ந்தது ‘நாக்டிலூக்கா’ என்னும் உயிரி. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அது பெருந்திரளாகப் பெருகியது. மண்டபம், பாம்பன் பகுதியில் கடல் பச்சையாகக் குழம்பியது. மீன்கள் செத்து ஒதுங்கின. அப்பகுதி மீனவர்கள் அதைப் ‘பூங்கோரை’ என்கிறார்கள். நாக்டிலூக்கா மனிதரைக் கொல்லும் நஞ்சை உண்டாக்குவதில்லை. ஆனால் பெருகி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வாயுவை உறிஞ்சிவிடுகிறது. 2019இல் அவ்வாறு உயிர்வாயு குன்றியதால் தீவுகளைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகள் மடிந்ததை ஆய்வாளர்கள் நேரில் பதிவு செய்துள்ளனர். பவளத் திட்டு மீன்களின் பிறப்பிடம். அது மடிந்தால் அடுத்த ஆண்டின் வலையும் வெறுமையாகிறது.

அரபிக்கடலில் மாற்றம் இன்னும் விரிந்தது. குளிர்காலத்தில் டயாட்டம்கள் செழித்த வடபகுதியில் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் பச்சை நாக்டிலூக்கா பெருமளவில் பெருகுகிறது. உயிர்வாயு குறைந்த நீர் மேல்நோக்கிப் பரவுவதே காரணம் என 2014இல் வெளியான ஆய்வொன்று வாதிட்டது. இமயப் பனி குறைவதால் குளிர்காலக் காற்றின் தன்மை மாறிக் கடல்நீரின் கலப்பு குன்றுகிறது என்பது பின்னர் முன்வைக்கப்பட்ட விளக்கம். காரணங்களின் எடை குறித்து அறிவியலாளரிடையே விவாதம் தொடர்கிறது. மீன்களுக்கு இரையாகாமல் பெரிதும் சொறிமீன் போன்றவற்றுக்கே உதவும் உயிரி மேலோங்குவது, இந்தியா முதல் ஓமன் வரையுள்ள சிறு மீனவரின் வாழ்வைத் தொடும் செய்தி என்பதில் ஐயமில்லை.

உலகெங்கும் நச்சுப் பெருக்கம் ஒரே சீராக அதிகரித்து வருவதாகக் கூறுவதும் சரியாகாது. 1985 முதல் 2018 வரையிலான பதிவுகளை அலசி 2021இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, அத்தகைய சீரான உயர்வைக் காணவில்லை. சில வட்டாரங்களில் உயர்வு, சிலவற்றில் தாழ்வு. கண்காணிப்பும் கடல்சார் பண்ணைகளும் பெருகிய இடங்களில் பதிவுகளும் பெருகியுள்ளன என்பதே அதன் முடிவு. இதிலிருந்து இந்தியா கற்க வேண்டியது ஒன்றுண்டு. கண்காணிப்பு இல்லாத கரையில் நிகழும் சாவு கணக்கில் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத சாவுக்குப் பொறுப்பேற்க எவரும் வருவதில்லை.

கழிவும் மூலதனமும்

நகரம் உண்ணும் உணவின் சத்து மண்ணுக்குத் திரும்பாமல் ஆற்றையும் கடலையும் மாசாக்குவதை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் சுட்டிக்காட்டினார். லண்டன் மாநகரின் கழிவு தேம்ஸ் ஆற்றில் கொட்டப்பட்டதே அவர் காட்டிய எடுத்துக்காட்டு. மனிதருக்கும் மண்ணுக்கும் இடையிலான வளர்சிதை உறவில் முதலாளித்துவ உற்பத்தி உண்டாக்கும் பிளவு அது. ஒன்றரை நூற்றாண்டு கடந்து இந்திய நகரங்களில் அந்தப் பிளவு எண்களாகவே நிற்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 மதிப்பீட்டின்படி நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர்; உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர். எஞ்சிய 72 விழுக்காடு ஏரிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது.

உரத்தைப் பொறுத்தவரை பழியை உழவர் தலையில் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. 2010இல் கொண்டுவரப்பட்ட ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலையைச் சந்தையிடம் ஒப்படைத்தது. யூரியா மட்டும் விலைக்கட்டுப்பாட்டில் நின்றது. மற்றவற்றின் விலை ஏறியதும் உழவர் யூரியாவையே நாடினர். பயிர் ஏற்காத நைட்ரஜன் வடிந்தோடியது. வழிந்த உரம் உழவரின் பேராசையால் வந்ததன்று; கொள்கையின் விளைவு.

சோசலிச நாடுகளின் அனுபவத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1970களிலும் 1980களிலும் டான்யூப் ஆற்றின் வழியே வந்த உரமும் கழிவும் கருங்கடலின் வடமேற்குப் பகுதியை உயிர்வாயு அற்றதாக்கின. 1990களில் உரப் பயன்பாடு சரிந்ததும் கடல் மெல்ல மீண்டது. உற்பத்தி இலக்கை மட்டும் துரத்தும் எந்தத் திட்டமிடலும் இயற்கையிடம் தோற்கும் என்பதே அதன் பாடம். இயற்கையை வென்றதாக இறுமாந்தால் அது திருப்பி அடிக்கும் என்ற எங்கெல்ஸின் எச்சரிக்கை எந்தக் கொடியின் கீழ் நடக்கும் உற்பத்திக்கும் பொருந்தும்.

இரு கடல்கள், இரு பாடங்கள்

மக்கள் போராடினால் கடல் மீளும் என்பதற்கு ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடல் சான்று. 1972 கோடையில் அங்கே பெருகிய செந்நீரில் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பண்ணை மீன்கள் மடிந்தன. இழப்பு 710 கோடி யென். மீனவர்கள் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றனர். அடுத்த ஆண்டே தனிச் சட்டம் பிறந்தது; ஆலைகள் கடலில் விடும் கரிமக் கழிவைப் பாதியாகக் குறைக்க அது கட்டாயப்படுத்தியது. 1978இல் அச்சட்டம் நிரந்தரமாக்கப்பட்டது. 1976இல் ஏறத்தாழ 300 ஆக இருந்த செந்நீர் நிகழ்வுகள் பின்னாளில் ஆண்டுக்கு நூறு அளவுக்கு இறங்கின. மூலதனத்தின் மீது விதிக்கப்பட்ட கட்டாயம்தான் இதைச் சாதித்தது. ஆலை முதலாளிகளின் நல்லெண்ணத்துக்கு இதில் பங்கில்லை.

சிலி நாடு காட்டுவது மறுபக்கத்தை. 2016இன் தொடக்கத்தில் அந்நாட்டின் தென்பகுதியில் பாசிப் பெருக்கத்தால் பெருநிறுவனப் பண்ணைகளில் ஏறத்தாழ 40,000 டன் சால்மன் மீன்கள் மடிந்தன. அவற்றுள் 4,600 டன் அளவுக்கு அழுகிய மீன்களை அரசின் அனுமதியோடு கடலில் கொட்டினர். சில வாரங்களில் அலெக்சாண்ட்ரியம் பெருகி, சிப்பியை நம்பி வாழும் கைவினை மீனவரின் தொழில் முடங்கியது. மே மாதத்தில் சிலோயே தீவின் மக்கள் சாலைகளை மறித்துத் தீவையே நிறுத்தினர். மீன்களைக் கொட்டியதால் நச்சுப் பெருக்கம் உண்டாகவில்லை, எல் நினோ சூழலே காரணம் என்று அறிவியலாளர் குழு கூறியது. அந்த முடிவை மதிக்கத்தான் வேண்டும். ஆயினும் மீனவர் எழுப்பிய கேள்வி அதனால் அழிந்துவிடவில்லை: பொதுக்கடலைக் குப்பைத் தொட்டியாக்கும் உரிமையை நிறுவனங்களுக்கு வழங்கியது யார்? அந்த அனுமதி வழங்கப்பட்ட முறை சட்டத்துக்கு ஒவ்வாதது என்று 2018இல் சிலியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எந்தச் சிப்பி சோதிக்கப்படுகிறது?

சிப்பியில் பக்கவாத நஞ்சுக்கு 100 கிராமுக்கு 80 மைக்ரோகிராம் என்ற வரம்பு உலகெங்கும் ஏற்கப்பட்டது; இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் தாம் வாங்கும் சிப்பி எந்த நீர்ப்பரப்பில் விளைந்தது, அந்நீர் கண்காணிக்கப்படுகிறதா என்று கேட்கின்றன. அக்கேள்விக்கு விடையளிக்க ஏற்றுமதிக்கான ஆய்வகங்களும் அலுவலர்களும் உள்ளனர். கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று மட்டி அள்ளும் பெண்ணும், அவரிடம் கூடையளவில் வாங்கும் தொழிலாளியும் கேட்டால் விடை சொல்ல எவருமில்லை. விளைநீர்ப்பரப்புகளை முறையாகச் சோதித்து, நஞ்சு கண்டால் அறுவடையை நிறுத்தி, மக்களுக்கு அறிவிக்கும் நாடு தழுவிய ஏற்பாடு இந்தியாவில் இல்லை.

2020இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் மதிப்பு 20,050 கோடி ரூபாய். ஏற்றுமதியை ஒரு லட்சம் கோடி ரூபாயாக உயர்த்துவது அதன் முதன்மை இலக்குகளுள் ஒன்று. ‘நீலப் பொருளாதாரம்’ என்ற முழக்கத்தில் கடல் வருவாயாக மட்டும் தெரிகிறது. 2019 ஜனவரியின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமுள்ள ஊர்ப்புறக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கரையில் விடுதிகள் எழும்; அவற்றின் கழிவு கடலைச் சேரும்; அந்தக் கடலின் சிப்பியை உண்பவர் மீனவர்.

ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியே பாசிப் பெருக்கத்தைக் கண்டு தகவல் வெளியிடுகிறது. வரவேற்கத்தக்க முயற்சி அது. ஆனால் செயற்கைக்கோள் காண்பது நீரின் நிறத்தை. சிப்பிக்குள் இருக்கும் நஞ்சை அன்று. மேற்குக் கரையில் பெருக்கம் மிகும் பருவமழைக் காலத்தில் மேகம் அதன் கண்ணை மறைத்துவிடுகிறது. கரையில் இறங்கி மட்டியை அள்ளிச் சோதிக்கும் மனிதருக்கு மாற்று இல்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவதாக, மக்கள் உணவுக்காகச் சிப்பி சேகரிக்கும் முதன்மையான கழிமுகங்களிலும் பாறைக்கரைகளிலும் அரசு ஆய்வகங்கள் குறித்த இடைவெளியில் நச்சுச் சோதனை நடத்தி, முடிவை அந்தந்தப் பகுதியின் மொழியில் உடனுக்குடன் அறிவிக்க வேண்டும். இரண்டாவதாக, சேகரிப்புக்குத் தடை விதிக்கும் நாட்களுக்கு, மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தைப் போல வாழ்வூதியம் தரவேண்டும். பசித்தவரிடம் ‘உண்ணாதே’ என்று மட்டும் சொல்லும் எச்சரிக்கை பயனற்றது. மூன்றாவதாக, கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களின் பணியாளருக்கு இந்நோயின் அறிகுறிகளில் பயிற்சியும், அருகிலுள்ள மருத்துவமனையில் மூச்சுக்கருவியும் உறுதி செய்யப்பட வேண்டும். நான்காவதாக, நகரக் கழிவுநீரையும் ஆலைக்கழிவையும் தோன்றும் இடத்திலேயே சுத்திகரிப்பது பொதுத்துறையின் கடமையாக நிதி ஒதுக்கீட்டோடு சட்டமாக்கப்பட வேண்டும்.

கரையோரக் கிளைகள் அரசுக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. நீர் நிறம் மாறினாலோ மீன்கள் திடீரென மடிந்து ஒதுங்கினாலோ சிப்பியும் மட்டியும் உண்ண வேண்டாம் என்று வீடுவீடாகச் சொல்லலாம். சமைத்தால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கையைக் களையலாம். உண்டபின் உதடு மரத்தால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்று கற்பிக்கலாம். அதே வேளையில் வதந்தியையும் தடுக்க வேண்டும். பக்கவாத நஞ்சு சேர்வது பெரும்பாலும் சிப்பி வகைகளில்; குடல் நீக்கிச் சமைக்கும் மீனின் தசையில் அது பொதுவாகத் தங்குவதில்லை. அச்சத்தால் மீன் விலை சரிந்தால் இழப்பு மீண்டும் மீனவருக்கே. சரிந்த விலையில் வாங்கிக் குவிப்பவர் இடைத்தரகர்.

நீரின் நிறமும் மணமும் மாறுவதை முதலில் காண்பவர் மீனவர். அந்த அறிவை ஆய்வகத்தோடு இணைக்கும் அமைப்பு உருவாக வேண்டும். அதை உருவாக்கும்படி அரசை நெருக்குவது மீனவர் சங்கங்களோடு சேர்ந்து நிற்கும் இடதுசாரி இயக்கத்தின் பணி. வயலூரின் மூவருக்கும் கும்பளையின் ஒருவருக்கும் விழிஞ்ஞத்தின் எழுவருக்கும் கிட்டாத எச்சரிக்கை, அடுத்த முறை கடல் நிறம் மாறுமுன் கரையை எட்டியாக வேண்டும்.